கம்பி முறுக்கிய மறுநாள், ஒரு முழு மாத்திரை

“தேவைப்பட்டால் மட்டும் கொடுங்கள்.”

பிள்ளைகளுக்கு வலி மாத்திரை எழுதித் தரும்போது டாக்டர்கள் சொல்லும் வாக்கியம் இது. எளிமையான வாக்கியம்தான். ஆனால் தேவைப்பட்டதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? வலிக்கிற வாய் ஒருத்தியுடையது. மாத்திரை டப்பா இன்னொருத்தியுடையது. முகம் சுளித்தால் தேவையா? சோற்றைத் தள்ளிவைத்தால் தேவையா? அழுதால்தான் தேவையா?

எனக்கு இன்னும் விடை தெரியாது. விடை தெரியாமலேயே போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு வெற்றி விழா நடந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் ரிஸ்வானா எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளது மேல்வரிசையில் ஒரு பல், குரூப் போட்டோவில் முண்டியடித்து முன்னால் வந்து நிற்பவரைப் போல நின்றது. இந்த வருடம் கிளிப் போட்டோம். ஒவ்வொரு பல்லிலும் ஒரு குட்டிச் சதுரம் ஒட்டி, அவற்றின் வழியாக ஒரு கம்பி. மாதம் ஒருமுறை அந்தக் கம்பியை இறுக்குவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ‘முறுக்கு நாள்’ என்று பெயர். அன்றைக்கு முறுக்கு மட்டும் சாப்பிட முடியாது!

கிளிப் டாக்டர் மதுரைக்காரர். எங்கள் போடி கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். பல் தன் இஷ்டத்துக்கு என்றைக்கு வேண்டுமானாலும் வலிக்கும். டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் கிடைப்பார்.

முறுக்கு நாளன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் கச்சேரி. “பல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுதும்மா” என்பாள். இட்லியைக்கூட நாக்கால் நசுக்கித்தான் விழுங்குவாள். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தேவைப்பட்டால்...

நான் என்ன செய்வேன் தெரியுமா? முதலில் “கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்” என்பேன். பிறகு பனிக்கூழ் கொடுப்பேன். பிறகு போனை எடுத்து, வலி மாத்திரை போட்டால் பல் நகராது என்று யாரோ சொல்லும் வீடியோவைப் பார்ப்பேன். அதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொல்லும் வீடியோவையும் பார்ப்பேன். சிறுநீரகம், ஈரல், பழக்கமாகிவிடுமோ என்கிற பயம் — எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதற்குள் பிள்ளை அழத் தொடங்கியிருப்பாள். அப்போதும் மாத்திரையைச் சரிபாதியாக உடைத்து, பாதியை மட்டும் கொடுப்பேன். பாதி கொடுத்தால் பாதிக் குற்றம்தானே?

பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் நான். சிரிக்காதீர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் வில்லுப்பாட்டு வந்தது.

ரிஸ்வானாவின் பள்ளியில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழு. தேவாரம் பக்கம் வாழைத் தோட்டத்துக்குள் யானை புகுந்த கதையை அவர்களே பாட்டாகக் கட்டியிருந்தார்கள். வில்லடித்து முதல் பாட்டு பாடி, கதையை நடத்திச் செல்பவள் என் மகள். பக்கத்தில் உட்கார்ந்து “ஆமா” போடுபவள் அவளுடைய தோழி கார்த்திகா. கார்த்திகாவின் அம்மா செல்வி போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறார். பள்ளி, வட்டாரம் என்று ஜெயித்து, மாவட்டப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். தேனியில், புதன்கிழமை.

முறுக்கு நாள் அதற்கு முந்தைய வாரத்துச் செவ்வாய். போட்டிக்குள் வலி அடங்கிவிடும். கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

முறுக்கிய மறுநாள் பள்ளி விட்டதும் ரிஸ்வானா அவளுடைய மாமி வீட்டுக்குப் போனாள். மாமி என்றால் என் கணவரின் அக்கா ஜமீலா, எனக்கு மதினி. அடுத்த தெருவில் வீடு. எங்கள் குடும்பமே ஏலக்காய், மிளகு, கிராம்பு வியாபாரம்தான். போடியில் இப்படிப்பட்ட வீடுகளில் தலைவலி என்றாலும், வயிற்றுவலி என்றாலும் முதலில் கை போவது மூட்டைக்குத்தான்.

காலையில் நான் மாத்திரை கொடுக்காமல் ‘பொறுத்துப் பார்க்க’ அனுப்பியிருந்தேன். பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மதினிக்கு மனசு கேட்குமா? இருப்பதிலேயே பெரிய, மொட்டு உதிராத கிராம்பாகப் பார்த்து எடுத்து வந்திருக்கிறார்.

“இந்தா, வலிக்கிற பல்லுல வச்சு நல்லாக் கடி. சாறு இறங்கட்டும்.”

“மாமி, கிளிப்பு...”

“கிளிப்பு கிடக்கு. கடிடீ!”

கடித்தாள். ‘டக்’ என்றது.

கிராம்பு உடையவில்லை. பல்லில் ஒட்டியிருந்த சதுரம்தான் பெயர்ந்து வந்தது. கம்பியின் முனை விடுபட்டுக் கன்னத்தில் குத்தியது. போதாததற்கு கிராம்புச் சாறு ஈறில் பட்டு எரிச்சல். பூச்சிப் பல் வலிக்கும், பல்லை நகர்த்துவதால் வரும் வலிக்கும் வித்தியாசம் உண்டு என்று மதினிக்கு யார் சொன்னார்கள்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்... எனக்கே அப்போது தெரியாது.

மதினி கழன்று விழுந்த சதுரத்தை ஒரு பேப்பரில் மடித்துக்கொண்டு வேகவேகமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“ஏத்தா, புள்ள பல்லே பேந்து வந்துருச்சோன்னு எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு! இம்புட்டு லேசாவா ஒட்டுவாக? செவுத்துல போஸ்டர் ஒட்டுறவங்கூட இதவிட நல்லா ஒட்டுவான்!”

கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். குத்தும் முனையில் வைக்க மெழுகு கொடுத்தார்கள். “டாக்டர் செவ்வாய்க்கிழமதாம்மா வருவாரு. வந்ததும் மொதல்ல உங்க புள்ளையப் பாக்கச் சொல்றோம்.”

செவ்வாய்க்கிழமை புதிதாக ஒட்டி, கம்பி வளைந்துவிட்டதால் வேறு கம்பி போட்டு, மறுபடி இறுக்க வேண்டும். செவ்வாய்க்கு மறுநாள் புதன். வலி உச்சத்தில் இருக்கும் அந்த நாளில்தான் என் மகள் மேடையில் வாயைத் திறந்து பாட வேண்டும்!

“போட்டி முடிஞ்சப்புறம் போட்டுக்கலாம்” என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் மெழுகு நிற்கவில்லை. கம்பி குத்தி, கன்னத்தின் உட்புறம் புண். ஒத்திகையில் ‘வாழைத் தோட்டம்’ என்று பாட வாயைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. ‘வாழை’ என்பதை ‘வாயை’ என்று பாடினாள். யானை வந்து வாயைத் தின்றது என்று கதை போனது.

“ஏ கம்பிவாயி, யானை உன் வாயத் தின்னுட்டா நாங்க நாலு பேரும் என்னாடி பண்றது?” என்றாள் கார்த்திகா. எல்லாரும் சிரித்தார்கள். ரிஸ்வானாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ம்மா, கார்த்திகாவோட அம்மா மெட்டுலருந்து ஜீப்புல எறங்கி வர்றாங்களாம். ஒருநா சோலிய விட்டுட்டு. நான் சரியாப் பாடலேன்னா அஞ்சு பேருக்கும்தானம்மா போயிரும்?”

இதற்கு எந்த வீடியோவில் பதில் இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை வந்தது. டாக்டர் சதுரத்தை ஒட்டினார், கம்பியை மாற்றினார். நான் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“நாளைக்கு ரொம்ப வலிச்சா மாத்திர குடுக்கலாமா டாக்டர்?”

“ரொம்ப வலிக்கிற வரைக்கும் எதுக்கும்மா காத்திருக்கணும்?”

“தேவைப்பட்டா மட்டும்னு சொன்னீங்க...”

“ஆமா. வலிக்கும்னு நமக்குத் தெரியும்ல? போட்டி இருக்குன்னும் தெரியும்ல? அதான் தேவை. இப்ப வீட்டுக்குப் போனதும் சாப்பிட வச்சு ஒண்ணு குடுத்துருங்க. நாளைக்குக் காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. ரெண்டு மாத்திரைக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும், ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல போகக்கூடாதுன்னு அட்டை மேலயே எழுதித் தர்றேன். அதத் தாண்டாதீங்க. அது போதும்.”

“மாத்திர போட்டா பல்லு நகராதுன்னு...”

அவர் சிரித்தார். “வேற சில வலி மாத்திரைங்க இருக்கு. அதுகள நாள்கணக்கா போட்டுக்கிட்டே இருந்தா பல்லு நகர்றது மெதுவாகலாம்னு ஒரு பேச்சு உண்டு. அதனாலதான் நான் அத எழுதல. இது அந்த வகை இல்ல. அதுவும் ஒண்ணு ரெண்டு நாளைக்குத்தானே?”

நான் கடைசிச் சந்தேகத்தையும் கேட்டுவிட்டேன். “பாதி மாத்திர குடுத்தா?”

“உங்க புள்ள எடைக்குப் பாத்துதான் முழுசு எழுதியிருக்கேன். பாதி குடுத்தா மாத்திர போட்ட கவலை உங்களுக்கு முழுசா இருக்கும், வலி அவளுக்கு முழுசா இருக்கும்.”

ரிஸ்வானா வாயில் பஞ்சோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கட்டை விரலை மட்டும் உயர்த்தி டாக்டருக்கு ஆதரவு தெரிவித்தாள்.

வீட்டுக்கு வந்தால் மதினி காத்திருந்தார். பால் சோறு ஊட்டிவிட்டு மாத்திரையை எடுத்தேன்.

“இப்ப வலிக்குதாடீ?” என்று மருமகளைக் கேட்டார் மதினி.

“இன்னும் இல்ல மாமி.”

“பெறகு எதுக்கு மாத்திர? ஏத்தா, நீ ரொம்பப் படிச்சவதான். வராத வலிக்கு மருந்து குடுக்கிற வீட்ட நான் இன்னக்கித்தான் பாக்குறேன். நாங்கள்லாம் அஞ்சு புள்ள பெத்தோம், ஒரு மாத்திர போட்டிருப்போமா?”

என் கை நின்றுவிட்டது. உண்மைதானோ? அவசரப்படுகிறேனோ? விரல்கள் தாமாகவே மாத்திரையின் நடுக்கோட்டைத் தேடின.

என் கணவர் அப்போதுதான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் அக்கா பேச்சை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

“அக்கா, மேலருந்து ஏலக்காய் லோடு வரும்போது தார்ப்பாய் எப்பக் கட்டுவோம்?”

“இதென்ன கேள்வி? மெட்டுல மேகம் எறங்குறதப் பாத்ததும் கட்டணும்.”

“மழ பெய்யலையே?”

“பெஞ்சப்புறம் கட்டுனா காய் நெறம் போயிராதா? கூறுகெட்டவனே!”

சொல்லி முடித்த பிறகுதான் மதினிக்கு உறைத்தது. தம்பியை முறைத்தார். என்னை முறைத்தார். கடைசியில் ரிஸ்வானாவிடம் திரும்பி, “தண்ணி நெறையக் குடிச்சு முழுங்குடீ, தொண்டைல ஒட்டிக்கிறப் போகுது” என்றார்.

முழு மாத்திரை! உடைக்காமல் கொடுத்த முதல் மாத்திரை. ஒரு வேதியியல் பட்டதாரியின் வாழ்வில் இது ஒரு மைல்கல் இல்லையா?

மறுநாள் காலை மதினி ஒரு பெரிய தூக்குவாளியோடு வந்து நின்றார். திறந்தால்... நோன்புக் கஞ்சி! நோன்பு மாதம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எங்கள் தெருவில் ரமலான் அல்லாத மாதத்தில் அந்த வாசனை வந்தால் ஜனங்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

“கடிக்க ஒண்ணும் இல்ல. அரிசியக் கொழைய விட்டுட்டேன். கறி போடல. நீ மாத்திர குடுக்கிறது குடு, வெறும் வயித்துல குடுக்காத” என்றார். மன்னிப்புக் கேட்பதில் எத்தனையோ வகை உண்டு. மதினியின் வகை தூக்குவாளியில் வரும்.

ரிஸ்வானா கஞ்சி குடித்தாள், மாத்திரை போட்டாள், பஸ் ஏறினோம். தேனி வரும்வரை பஸ்சிலேயே பாடிக்கொண்டு வந்தாள். வாழை வாழையாகவே வந்தது. எனக்கு இறக்கை முளைத்ததுபோல் இருந்தது.

ஆனால் எந்தப் போட்டி சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கிறது? மைக் வேலை செய்யவில்லை. அப்புறம் சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வந்த பிறகு பேச்சை நிறுத்தவில்லை. காலையில் பாட வேண்டியவர்கள் மதியத்துக்குத் தள்ளப்பட்டார்கள். நான் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டாள். பிறகு கை மெதுவாகக் கன்னத்துக்குப் போனது.

“அடுத்து நம்மதான், ரெடியா இருங்க” என்று தமிழ் டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கார்த்திகாவின் அம்மா செல்வி என் பக்கத்தில்தான் இருந்தார். மலையிலிருந்து வந்த களைப்பு. பிள்ளைகள் பாடும்போது எடுக்க, போனை இப்போதே தயாராகக் கையில் பிடித்திருந்தார்.

அட்டையை எடுத்தேன். டாக்டர் எழுதியதைப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன். இடைவெளி தாராளமாகக் கடந்திருந்தது. மறுபடி அட்டையைப் பார்த்தேன். மறுபடி மணியைப் பார்த்தேன்...

“ரிசு, தேவையாடீ? தாங்கிக்கிறலாமா?”

அவள் என் கையைப் பார்த்தாள். என் கட்டை விரல்கள் இரண்டும் மாத்திரையின் நடுக்கோட்டில் இருந்தன.

“ம்மா, அத ஒடைச்சேன்னா நானும் பாதிக் கதைதான் பாடுவேன். யானை தோட்டத்துக்குள்ள வந்ததோட எந்திரிச்சிருவேன். மீதிய நீயே வந்து பாடு!”

செல்வி குபீரென்று சிரித்துவிட்டார். “குடுங்கக்கா முழுசா. பிள்ளை தொண்டையால மட்டுமா பாடுது? வாயும் சேந்துதான பாடணும்!”

தூக்குவாளியில் மீதியிருந்த கஞ்சியை முதலில் குடிக்க வைத்தேன். பிறகு மாத்திரை. முழுசு. அவர்கள் முறை வருவதற்குள் இன்னொரு பள்ளி நுழைந்து, டீச்சர்களுக்குள் வாக்குவாதம் நடந்து, பள்ளிகளின் வரிசை ஒருமுறை மாறியது. போட்டி நடத்தியவர்களின் குழப்பத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே சந்தர்ப்பம் அதுதான். மாத்திரைக்கு வேலை செய்ய நேரம் கிடைத்தது.

மேடை ஏறினார்கள். வில்லின் மணிகள் குலுங்கின.

“வாழைத் தோட்டத்துக்குள்ள வந்தவரு யாரு?”

“ஆமா, யாரு?”

“வேலியைக் கேக்காம வந்த விருந்தாளி பாரு!”

“ஆமா, பாரு!”

ஒவ்வொரு ‘ழ’வும் மழை மாதிரி விழுந்தது. அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் மேடை விளக்கில் கம்பி பளிச் பளிச்சென்று மின்னியது. அதுவரை கையை வைத்து வாயை மூடித்தான் சிரிப்பாள். பள்ளியில் ‘கம்பிவாயி’ என்று பெயர் வைத்த பிறகு போட்டோவில் பல் தெரியச் சிரித்ததே இல்லை. அன்றைக்கு யானை போல வாயைத் திறந்து பிளிறினாள். நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

முதல் பரிசு!

செல்வி அழுதார். நான் அழுதேன். அழாதவள், பல் வலிக்காரி மட்டும்தான். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பற்களையும் காட்டி போட்டோவுக்கு நின்றாள்.

மதினிக்குப் போன் போட்டேன். ஜெயித்தார்களா என்று அவர் கேட்கவில்லை. “புள்ளைக்கு வலிச்சுச்சா?” என்றுதான் கேட்டார்.

“பாடும்போது வலிக்கலையாம் மதினி. மொதல் பரிசு!”

“மாஷா அல்லாஹ்!” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏத்தா... அந்த மாத்திர மூட்டு வலிக்கும் கேக்குமா?”

“அத நீங்க உங்க டாக்டர்ட்ட கேளுங்க மதினி” என்றேன். டாக்டர் பேச்சைக் கேட்பது எப்படிப்பட்ட சுகம் என்பதை இப்போதுதான் அனுபவிக்கத் தொடங்கியிருக்கிறேன். உங்களுக்கும் அதேதான். உங்கள் பிள்ளையின் எடை வேறு, உடம்பு வேறு. என் கதையைக் கேளுங்கள். அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எனக்கு ஒன்று மட்டும் புரிகிறது. நாம் பிள்ளைகளிடம் ‘தாங்கிக்கோ’ என்று சொல்வதை வீரம் கற்றுத் தருவதாக நினைத்துக்கொள்கிறோம். அது பெரும்பாலும் நம் பயத்துக்கு நாம் போட்டுக்கொள்ளும் முக்காடு. அன்றைக்கு மேடையில் வில்லுக்கு மதிப்பெண் இருந்தது, கதைக்கு இருந்தது, உச்சரிப்புக்கு இருந்தது. வலியைத் தாங்கியதற்கு என்று ஒரு கட்டம்கூட இல்லை!

சரி, இப்போது புதுப் பிரச்னைக்கு வருகிறேன். இதில் நீங்கள்தான் எனக்கு உதவ வேண்டும்.

மாவட்டத்தில் ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குத் திருச்சிக்குப் போகிறார்கள். டீச்சர்களோடு மட்டும். அம்மாக்களுக்கு இடமில்லை. அந்த வாரம்தான் அடுத்த முறுக்கு நாள். டாக்டரிடம் கேட்டேன், “மாத்திரதான் இருக்கே, எதுக்குத் தள்ளிப் போடணும்?” என்கிறார். ரிஸ்வானா மாத்திரை அட்டையைத் தன்னிடமே தரச் சொல்கிறாள்.

“டீச்சர்ட்ட குடுத்து வைக்கிறேன்டீ.”

“டீச்சர்ட்ட இருந்தா நான் கேக்கணும். நான் கேட்டா அவங்க உனக்குப் போன் பண்ணுவாங்க. நீ அங்கருந்து பொறுத்துப் பாக்கச் சொல்லுவ. எப்பப் போடணும், எத்தனைக்கு மேல போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்மா. வேணும்னா கேள்வி கேளு.”

கேட்டேன். ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னாள். டாக்டரிடம்கூட நான் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

அவளிடம் கொடுத்துவிடலாமா? பதிமூன்று வயது அதற்குப் போதுமா? எத்தனையோ பிள்ளைகள் இதைவிடப் பெரிய மருந்துகளைத் தாங்களே பார்த்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு சொல்வதை நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீட்டில் மாத்திரை அட்டை எப்போது உங்கள் கையிலிருந்து பிள்ளையின் கைக்குப் போனது? எப்படித் துணிந்தீர்கள்? எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் வெரசாக எழுதுங்கள் — அவள் ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டாள், அதில் ஒரு சின்ன ஜிப்பை மட்டும் திறந்தே வைத்திருக்கிறாள்.